க எழுத்துக்கு ஆறு தாள்

வாத்தியாரே,

இன்றைக்குக் காலையில் தேயிலைத் தூள் அரைக்கிற ஸ்டோரில் புது மை கரைத்தேன். விளக்குக் கரியும் மண்ணெண்ணெயும்தான். "இந்த நாத்தத்துக்குள்ளயா மாப்ள நாள் பூரா நிக்கிற?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பாயே, அதே நாற்றம். டப்பாவுக்குள் குச்சியை விட்டுக் கலக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. எதிரில் லண்டனுக்குப் போகிற தேயிலைப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன. பின்னால் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீ மேக்கர் ஐயா வந்து நின்று, "என்னப்பா, மை காயுதுல்ல" என்கிறார். காயட்டுமே என்று சொல்ல வாய் வந்தது. கண் எரியுதுங்க என்று சொல்லிச் சமாளித்தேன்.

உனக்கு மடல் எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியும். நீ போய்ச் சேர்ந்த பிறகு ஒரு மழைக்காலமே வந்து போய்விட்டது. ஆனாலும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. ஒரு எழுத்தின் கதையைச் சுவரில் ஒட்டியதற்காக ஒரு மனிதனை அவன் பிறந்த தோட்டத்தை விட்டே விரட்டினார்கள் என்று வெளியாளிடம் சொன்னால், "சும்மா கத விடாதீங்க" என்பான். உனக்கு மட்டும்தான் நான் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே லயத்து வீட்டு வரிசையில் அடுத்தடுத்த ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவர்கள். நீ படித்து, நாம் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே வாத்தியாராக வந்தாய். நான் ஐந்தாவதோடு நின்று, ஸ்டோரில் பெட்டிக்கு எழுத்து அடிக்கிற வேலைக்குப் போனேன். தகட்டில் எழுத்தை வெட்டி எடுத்து, அந்தத் தகட்டைப் பெட்டிமேல் வைத்து, மொட்டைத் தூரிகையால் மையைக் குத்த வேண்டும். தகட்டைத் தூக்கினால் எழுத்து நிற்கும். தோட்டத்தின் பெயர், தூளின் ரகம், எடை எல்லாமே இங்கிலீசு. நீ ஒருநாள் அந்தப் பெட்டி வரிசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மலைலருந்து எறங்கிப் போன பெட்டி எதுலயாவது நம்ம எழுத்து ஒண்ணு போயிருக்கா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி உனக்குள் எங்கே போய்த் தங்கியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பஸ்களிலும் கவர்மெண்டுக் கந்தோர்களிலும் சிங்கள எழுத்து மட்டும் என்று சட்டம் வந்து எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. கடைத்தெருவில் நம்ம பையன்கள் தார் வாளியோடு கிளம்பினார்கள். பதிலுக்கு அந்தப் பக்கத்துப் பையன்களும் தார் வாளி எடுத்தார்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் எந்த ஊர் பஸ் எது என்று படிக்க முடியாதபடி பலகையெல்லாம் கறுப்பு. எனக்கும் கை துறுதுறுத்தது. மை என்னிடம் குடம் குடமாக இருந்ததே! நீதான் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய்.

"அழிக்கிறதுக்கு ஒரு வாளி போதும் மாப்ள. நாம அழிக்க வேணாம். ஒரு எழுத்து எங்கருந்து பொறந்து எப்பிடி வளந்து வந்துச்சுன்னு காட்டுவோம். கடைசில அது யாரு கூடப் பொறந்துச்சுன்னும் காட்டுவோம். அதுக்கப்புறம் எவன் வந்து அழிக்கிறான்னு பாப்போம்."

கண்டிப் பக்கம் பயிற்சிக்குப் போயிருந்தபோது கூடப் படித்த சிங்கள வாத்தியார் ஒருவர் உன்னை ஒரு குகை விகாரைக்குக் கூட்டிப்போனாராம். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் பாறையில் ஒரு விளிம்பு செதுக்கி, அதற்குக் கீழே எழுதி வைத்திருந்தார்களாம். அந்த வரியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டே கோடு. அதுதான் அந்தக் காலத்துக் கானா எழுத்து என்றாராம் அவர். எங்களுடையதும் அதிலிருந்து வந்ததுதான், உங்களுடையதும் அதிலிருந்து வந்ததுதான் என்றாராம். அதை என்னிடம் சொன்ன அன்று உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காணாமல் போன மாடு கிடைத்த மாதிரி இருந்தாய்.

"அனா இருக்கு, ழானா இருக்கு. கானாவ எதுக்குய்யா புடிச்சுக்கிட்டுத் தொங்குற?" என்று கேட்டேன்.

"நம்ம பொழப்பு முச்சூடும் கானாவுலதான இருக்கு? கொழுந்து, கூடை, கம்பளி, கவ்வாத்து, கங்காணி, கணக்கப்பிள்ள."

"கூலி" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

"காணியும் அதுலதான்" என்றாய். "அது மட்டும் நம்மகிட்ட இல்ல."

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் பள்ளிக்கூடத்துத் தரையில்தான் கழிந்தன. பெட்டிக்குள் விரிக்கிற தாளில் கிழிசல் என்று ஒதுக்கியதை டீ மேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஆறு தாள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு உருவம், தாள் நிறைய. முதல் தாளில் பாறையில் இருந்த அந்தக் குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும். இரண்டாவதில் நெடுக்குக் கோட்டின் கால் நீள்கிறது. மூன்றாவதில் இடது கை கீழே வளைகிறது, தலைக்கு மேல் ஒரு கோடு படுக்கிறது. நான்காவதில் அந்த இடது கை தண்டைத் தொட்டு வளையமாகிறது, வலது கையும் மடங்கி இறங்குகிறது. ஐந்தாவதில் நம் பிள்ளைகள் சிலேட்டில் எழுதுகிற க. ஆறாவதில் நம் கவும் சிங்களக் கவும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டுக்கும் மேலே நடுவில் சின்னதாக அந்தப் பழைய குறுக்குக் கோடு.

என்ன சண்டை போட்டோம், நினைவிருக்கிறதா? நீ வரைந்து கொடுப்பாய், நான் தகட்டில் வெட்ட வேண்டும். நான்காவது தாளுக்கு வெட்டியபோது வளையத்துக்கு நடுவில் இருந்த தகடு பொத்தென்று விழுந்துவிட்டது. உள்ளே நிற்கிற துண்டைப் பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒரு சிறு பட்டை விட்டுத்தான் வெட்ட வேண்டும். இங்கிலீசு 'ஓ'வுக்கும் அப்படித்தான் விடுகிறோம். விட்டேன். நீ பார்த்துவிட்டு, "எழுத்துக்குப் பல்லு விழுந்துருச்சுய்யா" என்று முகத்தைச் சுளித்தாய். கோபத்தில் நான் தகட்டைத் தூக்கி எறிந்தேன். பிறகு நீயே போய் எடுத்து வந்து, மை குத்திய பிறகு அந்த இடைவெளிகளைக் கோழி இறகால் தொட்டுத் தொட்டு மூடினாய். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நீ அதைச் செய்கிற அழகைப் பார்த்து என் கோபம் போய்விட்டது. என் வீட்டுக்காரி கோதுமை மாவில் பசை காய்ச்சிக் கொண்டுவந்து வைத்து, "திங்கிற மாவக் கொண்டு போயி செவுத்துக்கு ஊட்டுறீங்களே, நல்லாத்தாங்க இருக்கு ரெண்டு பேரு கூத்தும்" என்று நொடித்துவிட்டுப் போனாள்.

பெரிய சண்டை வேறு ஒன்றுக்கு. ஒவ்வொரு தாளின் அடியிலும் இது இன்னதென்று ஒரு வரி எழுதலாம் என்றேன். நீ கூடவே கூடாது என்றாய். "வரி எழுதுனா வரியப் படிச்சிட்டுப் போயிருவான். எழுத்தப் பாக்க மாட்டான். ஒரு நாளைக்கு ஒரு தாளு ஒட்டுவோம். இது என்னடான்னு நாள் பூரா மண்டைய ஒடைக்கட்டும்."

"மண்டைய ஒடைக்க இங்க எவனுக்குய்யா நேரம்?" என்றேன். நீ கேட்கவில்லை. நீ என்றைக்குத்தான் கேட்டிருக்கிறாய்!

திங்கட்கிழமை விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிப்பதற்கு முன்னால், நம் லயத்தின் கோடிச் சுவரில் முதல் தாளை ஒட்டினோம். பெரட்டுக்களத்துக்குப் போகிற எல்லோரும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒட்டிவிட்டு நான் ஸ்டோருக்குப் போனேன், நீ குளிக்கப் போனாய். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் உறைக்காமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வெட்டப்போகிற நிழல் மரத்தில் எந்தக் குறி போடுவார்கள்? இதே குறுக்கும் நெடுக்குமான இரண்டு கோடு, ஸ்டோரில் கரைத்த இதே கறுப்பு மை. முந்தின வருஷம் கீழ் டிவிசனில் பழைய லயத்தை இடிப்பதற்கு முன்னால் அதன் சுவரிலும் இதே குறியைத்தான் போட்டார்கள். அந்த லயத்துச் சனங்கள் சட்டி பானையோடு மழையில் நின்றதை எல்லோரும் பார்த்திருந்தோம்.

கொழுந்து எடுக்கப் போன ராமாயி அக்காதான் முதலில் பார்த்தது. கூடையைக் கீழே போட்டுவிட்டு அது போட்ட கூச்சல் ஸ்டோர் வரைக்கும் கேட்டு நானும் ஓடி வந்தேன்.

"அடப் பாவிகளா! லயத்துக்குக் குறி போட்டுட்டானுங்களே! எல்லாரும் வெளிய வாங்கடி!"

தப்பு அடித்தது. ஒருவரும் பெரட்டுக்குப் போகவில்லை. மலைக்குப் போனால் திரும்பி வருவதற்குள் காம்பராவை இடித்துவிடுவார்கள் என்று ஆணும் பெண்ணும் வாசலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நீ ஈரத்தலையோடு ஓடி வந்து, "இது எழுத்துங்க! நம்ம கானாங்க!" என்று கத்துகிறாய். ராமாயி அக்கா உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்களுக்குப் படிப்பு இல்லதான் வாத்தியாரே, அதுக்காகக் கண்ணுமா இல்ல? இதப் போயி கானாங்கிற!" என்றது. சங்கம் பல வருஷமாகக் கூப்பிட்டும் நடக்காத வேலைநிறுத்தத்தை இரண்டு கோடு நடத்திவிட்டது. மத்தியானம் வரைக்கும் மலையில் ஒரு கொழுந்து கிள்ளப்படவில்லை.

தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தாளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். உன் காம்பராவில் இருந்த மற்ற ஐந்து தாளையும் கொண்டுவரச் சொன்னார். ஆறாவதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைப்பு. நாடு கெட்டுக் கிடக்கிற நேரத்தில் என் தோட்டத்தில் அரசியலா என்று குதித்தார். பிறகு அவருடைய தொரைத் தமிழில் தீர்ப்பைச் சொன்னார். "நாளைக்குப் பெரட்டுல எல்லாம் ஆள் முன்னால நீ இதைக் கிழிக்கும். தப்புன்னு சொல்லும். சொன்னா வேலை இருக்கு. இல்லைன்னா தோட்டம் விட்டுப் போ."

அன்று சாயங்காலம் உன் வாசலில் உட்கார்ந்து நான் கெஞ்சினேன். ஆமாம், நான்தான் கெஞ்சினேன். தாள் போனால் போகட்டும், தகடு என்னிடம் இருக்கிறது, எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றேன். உன் அம்மாவைப் புதைத்த மேடு இங்கே இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்கே போவாய் என்றேன். நீ நிதானமாகப் பீடியை அணைத்துவிட்டு, "தப்புன்னு சொன்னா, நாளைக்குப் பிள்ளைங்களுக்கு எந்த வாயால மாப்ள கானா சொல்லிக் குடுப்பேன்?" என்று கேட்டாய்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் பனி கொட்டுகிறது. கம்பளிக்குள் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். தொரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நீ ஆறு தாளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாய். கிழிக்கப் போகிறாய் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். வகுப்பில் பேசுகிற உன் குரல் கேட்டதும் நிமிர்ந்தேன்.

"நேத்து ஒங்களப் பயங்காட்டிட்டேன். அதுக்கு மட்டும் மன்னிச்சுக்கங்க. இது மரம் வெட்டுற குறி இல்ல. ரொம்பக் காலத்துக்கு முந்தி பாறையில செதுக்குன எழுத்து. நல்லாப் பாருங்க, இதுக்கு இப்பக் கால் மொளைக்கப் போவுது."

ஒவ்வொரு தாளாகத் தூக்கிக் காட்டினாய். கால் நீண்டது, கை வளைந்தது, வளையம் விழுந்தது. ஐந்தாவது தாளைத் தூக்கியபோது பிள்ளை வைத்திருந்த பெண்களெல்லாம், "அட, கானா! எம்மவன் சிலேட்டுல போடுவானே!" என்று சத்தம் போட்டார்கள். ராமாயி அக்கா முன்னால் வந்து முதல் தாளையும் ஐந்தாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன வாத்தியாரே!" என்றது. களமே சிரித்தது. நீ ஆறாவதையும் தூக்கிக் காட்டி, "இது ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. எவன் வந்து ஒண்ணுதான் பிள்ளைன்னாலும் நம்பாதீங்க" என்றாய். பிறகு தொரையின் பக்கம் திரும்பினாய். "நான் கிழிக்க மாட்டேங்க. கிழிக்கிறதுன்னா நீங்களே கிழிச்சுக்கங்க."

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். "தகடு வெட்டுனது நாந்தாங்க தொரை. என்னையும் சேத்து அனுப்புங்க" என்றேன். டீ மேக்கர் ஐயா அவர் காதில் ஏதோ முணுமுணுத்தார். அந்த வாரம் கப்பலுக்குப் பெட்டி போக வேண்டும், எழுத்து அடிக்க வேறு ஆள் இல்லை. தொரை என்னைப் பார்த்து, "நீ போய் பெட்டி பாரு" என்றார். அவ்வளவுதான் வாத்தியாரே. ஒரே குற்றத்துக்கு உனக்கு ரோடு, எனக்குப் பெட்டி. அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

தாள்களை ஸ்டோர் அடுப்பில் போட்டார்கள். தகடுகள் என் கூரைக்குள் இருந்தன. நீ தோட்டத்தை விட்டுப் போன அந்த வாரமே ராமாயி அக்கா தன் இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்கைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து, "போடுப்பா அந்தக் கானாவ" என்றது. அடுத்து இன்னொருத்தி வந்தாள், அடுத்து ஒரு கூட்டமே வந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் மலையில் வரிசையாக ஏறும்போது இடுப்புக்கு இடுப்பு க. தொரை பார்த்தார், முகம் சிவந்தது. சுவரில் இருந்தால் கிழிக்கச் சொல்லலாம், பெண்பிள்ளைகளின் இடுப்புச் சாக்கை அவிழ்க்கச் சொல்ல முடியுமா? மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனார். நீ வேலைக்குச் சேர்ந்த கடைக்கு வந்து இதைச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்த ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கினிகத்தேனை டவுனில் அந்த முஸ்லிம் நானா மட்டும் உனக்கு இடம் கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருப்பாய்? அவருடைய பலசரக்குக் கடையில் கணக்கு எழுதினாய், சாயங்காலம் கடைத்தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாய். சம்பளம் போட்ட ஞாயிறுகளில் பஸ் ஏறி உன்னைப் பார்க்க வருவேன். போனதும் நீ கேட்கிற முதல் கேள்வி, "அம்மாவுக்கு வெளக்கு வச்சியா?" தோட்ட எல்லையில் உன்னை மறிக்கச் சொல்லி வாட்சருக்கு உத்தரவு. உன் அம்மாவின் மேட்டுக்கு நீ வர முடியாது, நான்தான் வருஷா வருஷம் விளக்கு வைத்தேன். "ஒருநா ஒன்ன உள்ள கூட்டிட்டுப் போறேனா இல்லயா பாரு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். "வாய் மட்டும் கொறைச்சல் இல்ல ஒனக்கு" என்பாய்.

கூட்டிக்கொண்டுதான் வந்தேன். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று நானா ஆள் அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது, "எங்க கொண்டு போறீங்க?" என்று மட்டும் கேட்டார். "வீட்டுக்குங்க" என்றேன். வேறு எதுவும் கேட்காமல் லொறியைக் கொடுத்து, தானும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பெரிய தொரை மாறியிருந்தார், உத்தரவு மாறவில்லை. தோட்டத்துத் திருப்பத்தில் மூங்கிலைக் குறுக்கே போட்டுக்கொண்டு கணக்கப்பிள்ளை நின்றார். "சம்பளம் போடுற செக்ரோல்ல பேரு இல்லாத ஆளுக்குத் தோட்டத்துல குழி கெடயாதுப்பா. டவுன் மயானத்துக்குக் கொண்டு போங்க. என் வேலைக்கு ஒல வச்சிராதீங்க."

"செக்ரோலு உசுரோட இருக்கவனுக்குத்தான்யா!" என்று கத்தினேன். லொறியைப் பார்த்துவிட்டு மேலே மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள், பாதி நிறைந்த கூடைகளோடு. ராமாயி அக்காவுக்கு இப்போது நடையே தடுமாற்றம். அது நேராகக் கணக்கப்பிள்ளையிடம் போய் நின்று, "ஒம் மகளுக்கும் இவருதானப்பா அனா சொல்லிக் குடுத்தாரு. நீ தள்ளிக்க" என்றது. அவர் மூங்கிலை விட்டுக் கையை எடுத்தார். நாங்கள் அதைத் தூக்கி ரோட்டோரத்துத் தண்ணிக் கானுக்குள் போட்டோம். உன் அம்மாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டினோம். நானா ஒதுங்கி நின்று தன் வழக்கப்படி கையேந்தினார். அன்று அழுததைப் போல நான் என் அப்பனுக்கும் அழுததில்லை.

இப்போது இந்தியாப் பெரியவர்களும் இந்த நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து நம்மைப் பங்கு பிரித்திருக்கிறார்கள், இத்தனை பேரை அங்கே அனுப்பு, இத்தனை பேரை இங்கே வை என்று. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வாரம் அதற்குப் பேர் எழுதப் பதிவுக்காரர் ஒருவர் லயத்துக்கு வந்தார். நல்ல மனிதர்தான், தமிழ் பேசுகிறவர். வரிசையாக எல்லோரையும் கேட்டுக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

"ஒங்க சொந்த ஊரு எது?"

"இதுதாங்க."

"அது சரி. இந்தியாவுல எந்த ஊரு?"

"அங்க எனக்கு ஊரு இல்லீங்க."

அவர் பொறுமையாக, "இது தோட்டம்ப்பா, கம்பெனிக்காரன் எடம். சொந்த ஊருன்னு இதச் சொல்ல முடியாது" என்றார். என் வீட்டுக்காரி பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள். எனக்கு உன் பெரட்டுக்களம் ஞாபகம் வந்தது. அன்று உன் குரல் நடுங்கவில்லை. என் குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"அந்த மேட்டுல எங்க வாத்தியாரு கெடக்காருங்க. உசுரோட இருந்தவர வெளிய தள்ளுனாங்க. செத்தவர நாங்க சண்ட போட்டு உள்ள கொண்டாந்தோம். அந்த மண்ணு எங்க ஊரு இல்லன்னா, வேற யாரு ஊருன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் மேட்டைப் பார்த்தார். பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சொந்த ஊரு இதுதான்னு எழுதுங்க" என்றேன்.

எழுதினார்.